முத்திரை விழுந்த காகிதம்

மலாக்காவின் காஜா பெராங்கில் சேதுபதி ரப்பர் கம்பெனியின் வடக்கு ஜன்னல்களைத் திறந்ததும் முதலில் உள்ளே வருவது கொசு. அடுத்தது, சுவரை ஒட்டி ஓடும் லோங்காங் சாக்கடையின் வாடை. வெளிச்சம் மூன்றாவதாகத்தான் வரும், அதுவும் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வரும். அந்த வெளிச்சத்துக்காகப் பதினோரு பெண்கள் ஆறு மணிக்கே நீள மேசையின் அருகில் நின்றிருப்பார்கள். வெயில் ஏறிவிட்டால் கண் கூசும், ரப்பர் பொய் சொல்லும். ஆகவே விடிந்ததிலிருந்து பத்து மணி வரைதான் தரம் பிரிக்க முடியும்.

புகைக்கூடத்திலிருந்து இறக்கிய ஷீட்டுகள் கட்டுக்கட்டாக வந்து விழும். சிவகாமி ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடிப்பாள். பால் சேர்க்காத தேத்தண்ணீரைப் போலத் தெளிவாக இருந்தால் ஒன்றாம் நம்பர். உள்ளே குமிழி தெரிந்தால் இரண்டு. மரத்தூளோ பூசணமோ புள்ளி வைத்திருந்தால் மூன்று. அதற்குக் கீழே உள்ளதற்குக் கண் தேவையில்லை, மூக்கு போதும். ஒரு ஷீட்டுக்கு இரண்டு மூச்சு நேரம். கை இறங்குவதற்குள் அடுத்தது ஏறியாக வேண்டும். தோள்பட்டை பன்னிரண்டு வருடமாக வலித்து, இனிச் சொல்லிப் பயனில்லை என்று வாயை மூடிக்கொண்டுவிட்டது. உள்ளங்கையில் ஏறிய புகைக்கறை மண்ணெண்ணெய்க்கும் போகாது.

பன்னிரண்டு வருடத்தில் அவள் மேசையில் பிரித்த ஒரு கட்டுகூடக் கப்பலிலிருந்து திரும்பி வந்ததில்லை.

சேதுபதி முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். அவரே சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு பத்து பெரெண்டாம் கிராமத்துப் பக்கம் வீடுவீடாக, உறைந்த ரப்பர்ப் பாலான கட்டிப்பால் வாங்கித் திரிந்தவர். பள்ளிக்கூடத்தில் அவர் பார்த்தது மூன்றாம் வகுப்பின் கதவு வரைக்கும்தான். இதை ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெருமை ஒரு தேநீர் விருந்தில் போயிற்று. நாடு சுதந்திரம் பெற்ற ஆறாம் மாதம், ஒரு பெரிய மனிதரின் தோட்டத்தில் நகரத்துப் பிரமுகர்களுக்கு விருந்து. கோட்டுப் போட்டுக்கொண்டு போனவரிடம் பக்கத்து நாற்காலிக்காரர், "தாங்கள் எந்தக் கல்லூரி?" என்று கேட்டார். முதலாளி வாயில் வந்த ஒரே இடத்தைச் சொன்னார்: "பத்து பெரெண்டாம்." கேட்டவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி, "நல்ல கல்லூரி" என்றார். கேலி செய்தாரா, நிஜமாகவே சொன்னாரா என்று முதலாளிக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததுதான் அவரை அரித்தது.

ஒரு வாரத்துக்குள் கம்பெனி வாசலில் புதுப் பலகை ஏறியது. 'தகுதியே எங்கள் மூலதனம்' என்று தங்க எழுத்து. எழுதிய பெயிண்டருக்குப் படிக்கத் தெரியாது. எழுத்துகள் என்னவோ முத்துமுத்தாக இருந்தன. அடுத்து, முதலாளியை 'மேனேஜிங் டைரக்டர்' என்று அழைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அடுத்து வந்தவன் தேவதாஸ்.

தேவதாஸ் உஜோங் பாசிரைச் சேர்ந்த ஒரு பஸ் கண்டக்டரின் மகன். மெட்ராஸில் சரித்திரம் படித்து பி.ஏ. பட்டத்தோடு கப்பலில் திரும்பியவன். எட்டு மாதமாக இந்த நாட்டில் யாருக்கும் சரித்திரம் தேவைப்படவில்லை. சேதுபதி கம்பெனிக்குத் தேவைப்பட்டது. 'தர நிர்ணய அதிகாரி' என்று பெயர் கொடுத்து, மேசையின் தலைமாட்டில் உயரமான நாற்காலி ஒன்று போட்டார்கள்.

முதல் நாள் அவன் ஒரு ஷீட்டைத் தூக்கினான். தூக்கியபடியே நின்றான். பின்னால் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"என்ன தெரியுது தம்பி?" என்றாள் சிவகாமி.

"அந்தப் பக்கம் நிக்கிற உங்க முகம் தெரியுதுக்கா."

"அப்ப அது ஒண்ணாம் நம்பரு. இதைத் தூக்குங்க. இதுல?"

"ஒண்ணும் தெரியல."

"மூணு."

அவன் ஷீட்டை இறக்கி வைத்தான். காது சிவந்திருந்தது. "அக்கா, எனக்கு இது ஒண்ணும் தெரியாது. பானிபட்டுல எத்தனை சண்டை நடந்துச்சுன்னு கேளுங்க, சொல்றேன்."

"எத்தனை?"

"மூணு."

"பாத்தீங்களா, அதுவும் மூணாம் நம்பருதான். பரவால்ல, அதுக்கும் வாங்குற ஆளு இருக்கும்."

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு நடந்தது. சிவகாமி பார்த்து வலப்பக்கமோ இடப்பக்கமோ போடுவாள். தேவதாஸ் சாக்கட்டியால் நம்பர் எழுதுவான். மூன்று மாதம் கப்பல் ஏறிய கட்டுகளில் ஒரு குறையும் இல்லை. வருகிற விருந்தாளிகளையெல்லாம் முதலாளி ஜன்னல் பக்கம் அழைத்துவந்து, "பட்டதாரி கண்ணு பாருங்க" என்று காட்டினார். அந்தக் கண் அப்போது சிவகாமியின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தினமும் காலையில் முதலாளிக்கு டை கட்டிவிடுவதும் தேவதாஸின் வேலை. அந்தக் கம்பெனியில் அவன் படிப்பு உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

பட்டதாரி ஒருவனாலேயே இவ்வளவு நன்றாக நடக்கிறது என்றால், மேசை முழுக்கப் படித்தவர்களாக இருந்தால் எப்படி இருக்கும் என்று முதலாளி யோசித்தார். மாதக் கடைசியில் ஆபீஸ் கணக்கெழுதும் தலைமைக் கிராணி மாணிக்கவாசகம் மேசையருகே வந்து தொண்டையைச் செருமினார். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு அந்த ஆபீஸில் தொண்டை அடிக்கடி கட்டிக்கொள்ளும்.

"அடுத்த மாசத்துலேர்ந்து சான்றிதழ் இருக்கிறவங்கதான் தர மேசையில நிக்கணும். இல்லாதவங்க கழுவுற கொட்டகைக்கு. அங்க சம்பளம் பாதி."

"கிராணி ஐயா, சான்றிதழ்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள் கண்ணம்மா. நான்கு பிள்ளைகளின் தாய். கழுவுகிற கொட்டகை என்றதும் அவள் முகம் வெளிறிவிட்டது. நாள் முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்று அழுக்கு ரப்பரைத் தேய்க்கிற இடம் அது. போனவர்கள் ஒரு வருடத்தில் இருமிக்கொண்டு வெளியே வருவார்கள்.

மாணிக்கவாசகத்துக்கு இரக்கம் வந்தது. இரக்கத்தில் ஒரு தவறு செய்தார்.

"சீல் குத்தின சூராட்டு எதுனாச்சும் வீட்டுல இருக்கும்ல? சர்க்காரு காயிதமா எது இருந்தாலும் கொண்டாங்க. நான் எடுத்துச் சொல்லிப் பாக்குறேன்."

சனிக்கிழமை காலையில் ஆபீஸ் வாசலில் வரிசை நின்றது. கம்பெனியின் வரலாற்றில் அவ்வளவு சுத்தமாகக் கை கழுவிக்கொண்டு யாரும் வந்ததில்லை. கொண்டுவந்த காகிதங்களை நெஞ்சோடு அணைத்திருந்தார்கள். கப்பலிலிருந்து இறங்கியபோது தீவில் அடைத்து வைத்து அம்மை குத்திய சீட்டு. கலகக் காலத்தில் கிராமத்தோடு பெயர்த்துக் கொண்டுபோய் வைத்தபோது கம்பி வேலிக்குள் கொடுத்த பதிவுச் சீட்டு. கோகிலா என்கிற சின்னப் பெண்ணிடம் மட்டும் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு தேறிய தாள் இருந்தது. கண்ணம்மாவிடம் இருந்தது, பிறந்த பதினெட்டாம் நாள் இறந்துபோன குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது. சிங்கமுக முத்திரை அதில்தான் நன்றாக விழுந்திருக்கிறது என்று அதை எடுத்து வந்திருந்தாள்.

கட்டு அழுத்தும் பிரஸ்ஸில் வேலை செய்யும் நடராஜன் அண்ணனிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதே அவமானம் என்று, தன் பாட்டனாரின் வீட்டு நிலச் சீட்டைக் கொண்டுவந்தார். அவர் மலாக்காச் சிட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்துவிட்ட தமிழ் வம்சம். வீட்டில் பேசுவது மலாய். தமிழ் கோயிலிலும் கம்பெனியிலும்தான். "இதுல குத்தின ராஜா செத்தே நூறு வருசம் லா," என்று வரிசையில் எல்லோருக்கும் காட்டினார்.

சிவகாமியிடம் ஒரே ஒரு காகிதம் இருந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் அவள் கணவன் மருதமுத்துவை சயாம் ரயில் போட ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம், அரிசி உண்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்றார்கள். லாரியில் ஏறுமுன் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. ஒன்று அவனிடம், ஒன்று வீட்டில். 417 என்று நம்பர், சிவப்பில் ஒரு சதுர முத்திரை, ஊதா மையில் அவன் கட்டைவிரல் ரேகை. பதினைந்து வருடம் ஆயிற்று. அவனைப் போட்டோ எடுத்ததில்லை. மகள் ஒருத்தி இருந்தாள், அவளும் அந்தக் காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள், அப்பா எப்படி இருப்பார் என்று கேட்கிற வயது வருமுன்பே. சிவகாமி சில சமயம் பால்மாவு டின்னைத் திறந்து அந்த ரேகையின் மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பாள். அவள் விரல் முழுதும் அதற்குள் அடங்கிவிடும். சுற்றிலும் கொஞ்சம் இடம் மீதி இருக்கும்.

அவன் வேலைக்குப் போனபோது கொடுத்த சீட்டு. வேலையைக் காப்பாற்றவும் உதவும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முதலாளி புதிதாக ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்திருந்தார். 'நாட் குவாலிஃபைட்' என்று ஆங்கிலத்தில், வட்டத்துக்குள். பட்டப்படிப்போ கேம்பிரிட்ஜ் தேர்வோ இல்லாத எந்தக் காகிதத்திலும் அதைக் குத்தித் திருப்பிக் கொடு என்பது உத்தரவு. மாணிக்கவாசகம் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். பாதி வாக்கியத்திலேயே தொண்டை கட்டிக்கொண்டது. பிறகு காகிதங்களின் முகத்தைப் பார்க்காமல் குத்திக்கொண்டே போனார். டப். டப். நான்காம் வகுப்பு, அம்மைச் சீட்டு, பதினெட்டு நாள் குழந்தை, செத்துப்போன ராஜா, எல்லோருக்கும் ஒரே நீதி.

சிவகாமியின் காகிதத்தில் மிச்சம் இருந்த வெற்றிடம் நிறைய. முத்திரை விழுந்தது ரேகையின் மேல்.

வாசலுக்கு வெளியே வந்து கோகிலாவிடம் நீட்டினாள். "என்னடி போட்டிருக்கு?"

கோகிலா ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். ஏற்கெனவே தன்னுடையதில் படித்துவிட்டிருந்தாள்.

"பாத்தாச்சுன்னு போட்டிருக்குக்கா."

"அவரு ரேகை மேலயே போட்டுட்டாரு கிராணி. ஒரு விரக்கடை தள்ளிப் போட்டிருக்கலாம்." சிவகாமி ஊதி மையைக் காயவைத்தாள். "போவுது. பாத்தாச்சுல்ல."

திங்கட்கிழமை காலையில் நோட்டீஸ் பலகையில் ஒரு பட்டியல் தொங்கியது. சிவகாமிக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு ஷீட்டுகளில் எது ஒரு நாள் முந்தி புகை ஏறியது என்று சொல்லக்கூடிய கண் அது. பட்டியலின் நெற்றியில் அதே வட்டம். உள்ளே அதே கோடுகள், அதே இடத்தில் முத்திரையின் விளிம்பு சற்று உடைந்திருந்தது. பட்டியலைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கழுவுகிற கொட்டகையின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

சிவகாமி இடுப்பிலிருந்த காகிதத்தை எடுத்துப் பலகைக்குப் பக்கத்தில் பிடித்தாள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கித்தான் பிடித்தாள், பழக்கம்.

"கோகிலா, இது பாத்தாச்சு இல்ல."

கோகிலா தன் காகிதத்தை முந்தானைக்குள் மறைத்தாள்.

"சொல்லு. நான் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன்."

"தகுதி இல்லைன்னு போட்டிருக்குக்கா."

சிவகாமி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரேகை இருந்த இடத்தை விரலால் தொட்டபடி கேட்டாள்: "யாருக்குடி? எனக்கா, அவருக்கா?"

கோகிலா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சிவகாமி அழவில்லை. ஆபீஸை நோக்கி நடந்தாள். மேசையிலிருந்த ஷீட்டுகள் அப்படியே கிடக்கப் பத்துப் பெண்களும் பின்னால் போனார்கள். பிரஸ் ஆட்கள் ஆறு பேரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

அப்போதுதான் டை கட்டி முடிந்திருந்தது. தேவதாஸ் முதலாளியின் கழுத்தடியிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

"என்ன கூட்டம்? இன்னிக்கு ஏதும் கோயில் திருவிழாவா?" என்றார் முதலாளி.

"தவுக்கே, இந்தச் சூராட்டு விசயமா..." என்று நடராஜன் ஆரம்பித்தார்.

"தவுக்கேன்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது. மேனேஜிங் டைரக்டர்."

"அவ்வளவு நீளத்துக்கு எனக்கு மூச்சு பத்தாது லா, தவுக்கே."

சிவகாமி காகிதத்தை மேசைமேல் விரித்து வைத்தாள். "இதை அழிச்சுக் குடுங்க."

"என்ன இது?"

"எம் புருசன்."

முதலாளி குனிந்து பார்த்தார். சிவப்புச் சதுரம், 417, அதன்மேல் தன்னுடைய வட்டம். அவருடைய தம்பி ஒருவனும் அந்த லாரிகளில் போனவன்தான். அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்துவிட்டுப் போனது. போனபிறகு மாணிக்கவாசகத்தைப் பார்த்து இரைந்தார்.

"சப்பான்காரன் சீட்டையெல்லாம் யாருய்யா கொண்டாரச் சொன்னது?" கிராணி தரையைப் பார்த்தார். "சரி, ஆனது ஆச்சு. அழிச்சாத் தாளு கிழிஞ்சிரும். வேற நகலு வாங்கிக்க."

"எங்க போயி வாங்க? சயாமுக்கா?"

முதலாளி காகிதத்தை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

"இங்க பாரு சிவகாமி," முதலாளி குரலை இறக்கினார். "உன்மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. நாடு சுதந்திரம் வாங்கியாச்சு. இனிமே எல்லாம் தகுதிப்படி நடக்கும். எழுத்து தெரியாதவங்க ரப்பரைத் தொட்டாங்கன்னா வெளியில மதிப்பானா?"

"அப்ப மரத்துல பாலு வெட்டுறது யாரு, வக்கீலுங்களா?" என்று பின்னாலிருந்து கண்ணம்மா கேட்டாள். கேட்டபின் அவளே பயந்துபோய் ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்.

"பன்னண்டு வருசத்துல எம் மேசைக் கட்டு ஒண்ணாவது திரும்பி வந்திருக்குதா?" என்றாள் சிவகாமி.

"வரல."

"அப்ப நான் ஏன் கழுவப் போகணும்?"

"உனக்கு வேலை தெரியும். ஆனா தெரியும்ங்கிறதுக்கு அத்தாட்சி இல்லையே."

சிவகாமி திரும்பினாள். ஒரு பெண்ணின் தோளில் மடித்துப் போட்டபடி வந்துவிட்டிருந்த ஷீட்டை எடுத்து முதலாளியிடம் நீட்டினாள். "இது என்ன நம்பரு, நீங்களே சொல்லுங்க."

அவர் வாங்காமல் இருந்திருக்கலாம். வாங்கக்கூடாது என்றுதான் அவருடைய டை நினைத்தது. கைகள் கேட்கவில்லை. இரண்டு கையும் தாமாக எழுந்து ஷீட்டை ஜன்னல் பக்கம் தூக்கின. தலை சாய்ந்தது. கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஓரத்தைத் தேய்த்து முகர்ந்தார். "மூணு," என்றார். "புகை பத்தல. மழைநாள் பாலு." சொல்லும்போது அவர் முகம் இருபது வயது குறைந்து, சைக்கிளில் வந்த ஒரு பையனின் முகமாக இருந்தது.

"உங்க சான்றிதழ் எங்க முதலாளி?" என்றாள் கோகிலா.

அவர் ஷீட்டைக் கீழே வைத்தார். கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். கோபப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கோபம் வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது.

"அதனாலதான் சொல்றேன்," என்றார் மெதுவாக. "இந்தக் கம்பெனியில படிக்காத கடைசி ஆளு நானா இருக்கணும்."

"சார்," என்றான் தேவதாஸ். "எனக்கு ரப்பர் தெரியாது. இத்தனை நாளும் அக்காதான் பிரிச்சாங்க. நான் சாக்கட்டி பிடிச்சேன், அவ்வளவுதான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"மொத நாளே தெரியும். நான் கட்டிப்பால் கடிச்சுப் பாத்து வாங்கினவன், எனக்குத் தெரியாதா? உனக்கு வேலை தெரியணும்னு நான் உன்னை எடுக்கல தம்பி. உங்கிட்ட அது இருக்குதுன்னு எடுத்தேன்." எது என்று அவர் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "நாளைக்குக் காலையில கழுவுற கொட்டகைக்குப் போறவங்க போங்க. போகாதவங்களுக்கு வாசல் இருக்கு."

தண்ணீர்க் குழாயடியில் கை கழுவிக்கொண்டே பேசினார்கள். பாதிச் சம்பளமாவது வருமே என்றாள் கண்ணம்மா. அவளை யாரும் குற்றம் சொல்லவில்லை. அவளுடைய நான்கு பிள்ளைகளையும் எல்லோருக்கும் தெரியும். சங்கத்துக்கு ஆள் அனுப்பலாம் என்றார்கள். சங்கத்து ஆள் மூவாரிலிருந்து வர இரண்டு நாள் ஆகும்.

"எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கல," என்றார் நடராஜன். "ஆனா நீங்க பிரிக்காத ரப்பரை நான் அமுக்க மாட்டேன். பிரஸ்ஸு போலே, கை தா போலே." பிரஸ்ஸால் முடியும், கையால் முடியாது என்பதை அவர் கையை விரித்துக் காட்டியே சொன்னார்.

எல்லோரும் சிவகாமியைப் பார்த்தார்கள். அவள் சொற்பொழிவு எதுவும் செய்யவில்லை.

"போறவங்க போங்க. கோவிச்சுக்க மாட்டேன். நான் நாளைக்கு வாசல்ல உக்காரப் போறேன். ஒருத்தியா உக்காந்தா பிச்சைக்காரின்னு நினைச்சுக் காசு போட்டுட்டுப் போவாங்க. கூட ரெண்டு பேரு வந்தீங்கன்னா மரியாதையா இருக்கும்."

மறுநாள் விடியும்போது ரெண்டு பேர் இல்லை, பதினாறு பேர் லோங்காங் ஓரத்து சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணம்மாதான் கடைசியாக வந்தாள். இடுப்பில் கடைக்குட்டி, கையில் ஒரு தூக்குச்சட்டி. "அங்க தண்ணியில நின்னா இருமுவேன், இங்க உக்காந்தா பசிக்கும். பசி பழக்கமானது," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஏழு மணிக்குக் கம்பெனி லாரி வந்தது. செங் பக்கத்தில் ஒரு தோட்டத்தைத் துண்டுதுண்டாக விற்றுவிட்டதில் வேலையும் லயத்து வீடும் போன பெண்கள், பதினான்கு பேர், மூட்டைகளோடு லாரியில் நின்றார்கள். சான்றிதழுக்காகப் பன்னிரண்டு வருடத்துக் கண்ணை வெளியே தள்ளிய மேனேஜிங் டைரக்டர், லாரியில் வந்தவர்களிடம் பெயரைக்கூடக் கேட்டிருக்கவில்லை.

முதலில் இறங்கியவள் பெயர் பொன்னம்மா. சிவகாமியின் வயதுதான் இருக்கும். இருபக்கமும் பார்த்தாள்.

"ஏறுன்னாங்க, ஏறினோம். என்ன வேலைன்னுகூடச் சொல்லல. நீங்கல்லாம் ஏன் வெளியில உக்காந்திருக்கீங்க?"

"எங்களுக்குத் தகுதி இல்லையாம்," என்றாள் சிவகாமி.

"எங்களுக்கு?"

"உங்களுக்கு இன்னிக்கு இருக்கு," என்றாள் கோகிலா. "நாங்க உள்ள போன மறுநாளே போயிரும்."

பொன்னம்மா சிரிக்கவில்லை. "வீட்டைக் காலி பண்ணி மூணு நாளாச்சு. பிள்ளைங்களைக் கோயில் கொட்டாயில விட்டுட்டு வந்திருக்கோம்."

நியாயம் சிவகாமியின் பக்கம் இருக்கிறது என்பதும், எதிரே நிற்கிறவளின் பிள்ளைகளும் பசித்திருக்கின்றன என்பதும் ஒரே காலை வேளையில் வந்து நின்றுகொண்டிருந்தன. அவள் கட்டையில் சற்று நகர்ந்து இடம் விட்டாள். "உக்காந்து யோசிங்க. நின்னுக்கிட்டு யோசிச்சா காலு தானா நடந்துரும்."

வாசலில் மாணிக்கவாசகத்தின் மேசை போட்டிருந்தது. ஆட்களைப் பதிந்து உள்ளே அனுப்பும் பொறுப்பு தேவதாஸுக்கு. அவன் புதுப் பதிவேட்டைத் திறந்தான். மாடி ஜன்னலில் முதலாளி நிற்பது தெரிந்தது. தேவதாஸ் தெருவுக்கே கேட்கும் குரலில் கூப்பிட்டான்.

"முதல் ஆள் வாங்க. பெயர்?"

"பொன்னம்மா."

"சான்றிதழ்?"

"என்னது?"

"பட்டப்படிப்பு, இல்லாட்டி கேம்பிரிட்ஜ். கம்பெனி உத்தரவு. காட்டினாத்தான் உள்ள விடுவேன்." அவன் முகம் கல்லைப்போல இருந்தது. "இல்லையா? அடுத்த ஆள். பெயர்?"

லோங்காங் ஓரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நடராஜன் வாயைப் பொத்திக்கொண்டார். நான்காவது ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது முதலாளி படியிறங்கி வந்தார். கழுத்தில் டை அவிழ்ந்து தொங்கியது. அன்று அதைக் கட்ட ஆள் மேலே வரவில்லை.

"டேய், என்ன பண்றே? அவங்களுக்கு அதெல்லாம் வேணாம். உள்ள விடு."

"வேணாமா சார்?"

"வேணாம்னா வேணாம்."

தெரு முழுக்கக் கேட்டது. சொன்னவருக்கும் கேட்டது. தேவதாஸ் பதிவேட்டை மூடினான். கிராணியின் கையில் கொடுத்துவிட்டு, வாசலைத் தாண்டி வெளியே வந்தான். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான். பட்டதாரிகள் லோங்காங் ஓரத்தில் உட்காருவது எப்படி என்று மெட்ராஸில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கோகிலா தள்ளி உட்கார்ந்தாள்.

"இனிமே அந்த வேலையும் போச்சே தம்பி," என்றாள் சிவகாமி.

"வேலையே தெரியாத வேலைதானேக்கா."

மாணிக்கவாசகம் தொண்டையைச் செருமிக்கொண்டு லாரிப் பெண்களைப் பெயர் சொல்லாமல் கையசைத்துக் கூப்பிட்டார். இரண்டு இளம் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். அவர்களை யாரும் ஏசவில்லை. பொன்னம்மா அவர்கள் போவதைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற முதலாளியைப் பார்த்தாள். "வேணாம்னா வேணாமாம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிவகாமி விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"சண்டையில ஜெயிப்பீங்களா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"அந்த முத்திரையை அழிச்சுருவாங்களா?" கோகிலா விவரம் சொல்லியிருக்க வேண்டும்.

"அது போகாது." சிவகாமி இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அவரு ரேகை இனிமே அதுக்கு அடியிலதான் இருக்கும். நாளைக்கு இன்னொருத்தி காயிதத்துல குத்தக்கூடாது, அதுக்குத்தான்."

வெயில் ஏறியது. கம்பெனிக்குள் இரண்டு பெண்களும் மேசை எது, ஜன்னல் எது என்று தெரியாமல் சுற்றி வருவது வெளியிலிருந்தே தெரிந்தது. லாரி டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சுருட்டுப் பற்றவைத்தான். கண்ணம்மா தூக்குச்சட்டியைத் திறந்தாள். பழைய சோறும் கொஞ்சம் கருவாடும். வீட்டிலிருந்த மற்றப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு மிச்சம் கொண்டுவந்தது.

"எத்தனை பேரு இருக்கோம், எண்ணுடி," என்றாள்.

கோகிலா எழுந்து நின்று கட்டையின் ஒரு முனையிலிருந்து எண்ணத் தொடங்கினாள். பட்டதாரியையும் சேர்த்து எண்ணினாள். மறுமுனைக்குப் போய்ச் சேருவதற்குள் லாரியிலிருந்து இன்னும் மூன்று பேர் இறங்கிக் கட்டையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.